வாழையா, வாளையா?

ஓர் எழுத்து மாறினால் மரம் மீனாகிவிடும். வாழை தோட்டத்தில் நிற்பது. வாளை கடலில் நீந்துவது. தூத்துக்குடிச் சந்தைக்கு இரண்டும் வருகின்றன. ஆனால் பேச்சில் பலருக்கு இரண்டும் ஒன்றே. "வாளப்பளம்" என்பது தென்பாண்டிச் சீமையின் வழக்கம். சென்னைக்குப் போனால் அதுவே "வாயப்பயம்" ஆகிவிடுகிறது. ஆகவே யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதற்கு இடமில்லை.

ஆயினும் சிரிக்கத்தான் சிரிக்கிறார்கள். ழகரம் வராத பையனை வகுப்பில் எழுப்பி நிறுத்தி, "நாக்கை மடி, இன்னொரு தடவை சொல்" என்று வாட்டுவதை நாம் அறிவோம். ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தப் பையனின் காதுக்கு அந்த இரண்டு ஒலிகளும் வெவ்வேறாகக் கேட்கின்றனவா? காதில் விழாத வித்தியாசத்தை நாக்கில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இதைக் கண்டறிய இன்று காசு செலவில்லை என்பதே நாம் சொல்ல வந்த விஷயம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் பூர்ஸ்மா, டேவிட் வேனிங்க் என்ற இருவர் "பிராட்" என்னும் மென்பொருளை உருவாக்கியிருக்கிறார்கள். டச்சு மொழியில் அந்தச் சொல்லுக்குப் பேச்சு என்று பொருள். ஒலியைப் பதியலாம், வெட்டலாம், அதன் அலையைப் படமாகப் பார்க்கலாம். அதோடு, காதுக்குப் பரீட்சை வைக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது.

பரீட்சை எளிது. ழகரத்தையும் ளகரத்தையும் பிரித்துச் சொல்லக்கூடிய சிலரைக் கொண்டு வாழை, வாளை என்ற சொற்களைப் பதிவு செய்ய வேண்டும். மாணவன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்கிறான். கேட்டது எதுவோ அதற்குரிய பொத்தானை அழுத்துகிறான். சொற்கள் வரிசை மாறி மாறி வரும். விடைகளை எல்லாம் கணினியே பட்டியலாகத் தந்துவிடும். 40 தடவை கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறவனுக்கும் ஏறத்தாழ 20 விடைகள் சரியாக அமையும். 38 சரி என்றால் அவன் காது கூர்மையானது, குறை நாக்கில்தான். 21 என்றால் அவன் ஊகித்திருக்கிறான். வித்தியாசம் அவனுக்குக் கேட்கவே இல்லை. இருவருக்கும் ஒரே வைத்தியம் செய்வது என்ன நியாயம்?

காது கேட்காதது அறிவின் குறையன்று. 1984-ம் ஆண்டில் ஜேனட் வெர்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த குழந்தைகள், ஆறேழு மாதத்தில், ஹிந்தியின் இரு வகை டகர தகர ஒலிகளைப் பிரித்துணர்கின்றன. ஒரு வயது நெருங்கும்போது அந்தத் திறமை மங்கிவிடுகிறது. வீட்டில் எந்த ஒலி புழங்குகிறதோ அதற்கே காது பழகுகிறது. வீட்டில் ழகரம் புழங்காத பிள்ளையை மக்கு என்பது அநியாயமன்றோ?

பழகிய காதைத் திரும்பவும் பழக்கலாம் என்பதற்கும் சான்று உண்டு. ஜப்பானியருக்கு ஆங்கிலத்தின் ரகரமும் லகரமும் ஒன்றுபோல் கேட்பது பிரசித்தம். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் அவர்களுக்குப் பலருடைய குரல்களில் சொற்களைக் கேட்கவைத்துப் பயிற்சி அளித்தார்கள். காது தேறியது என்று 1991-ல் அறிவித்தார்கள். அத்தகைய பயிற்சி பெற்றவர்களின் உச்சரிப்பும் திருந்தியது என்பது 1997-ல் வெளிவந்தது. பயிற்சி காதுக்கு, பலன் நாக்குக்கும்!

இந்தக் கடற்கரைக்கு இது புதிய பாடமும் அல்ல. 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகலிலிருந்து வந்த அன்ரீக்கே பாதிரியார் புன்னைக்காயலில் தங்கி, முத்துக்குளித் துறை மக்களின் வாய்மொழியைக் காதால் கேட்டே தமிழ் கற்றார். போர்ச்சுகீசிய மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" அவர் தமிழாக்கியது. அன்னியர் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்ட கரையில் நம் பிள்ளைகள் தீட்டிக்கொள்ளக் கூடாதா?

"எங்களிடம் ஆராய்ச்சிக்கூடம் இல்லையே" என்று சொல்வார்கள். பழைய கணினி ஒன்றும், சுமாரான ஒலிவாங்கி ஒன்றும், சந்தடியில்லாத ஓர் அறையும் போதும். ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் விடுதலையானதற்கும் ஒரே சொல். தமிழில் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இந்த மென்பொருள் இரண்டுமாக இருக்கிறது. பிரதி எடுக்கலாம், பிறருக்குத் தரலாம், உள்ளே திறந்து பார்த்து மாற்றவும் செய்யலாம். எந்தக் கம்பெனியின் தயவும் வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். இது வைத்தியப் பரிசோதனை அல்ல. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நின்றுபோனாலும், சங்கு எடுக்க மூழ்குகிறவர்கள் இருக்கிறார்கள். 10 மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் இரு மடங்காகிவிடும். அதைத் தாங்குவது செவிப்பறை. அத்தகையவர்களுக்குக் காது மந்தமானால் போக வேண்டிய இடம் வைத்தியசாலை. வகுப்புப் பரீட்சையில் எந்தச் சொல்லுக்கும் தடுமாறும் பிள்ளையையும் அங்கேதான் அனுப்ப வேண்டும். இந்தப் பரீட்சையின் மதிப்பெண்ணைப் பலகையில் எழுதி வரிசைப்படுத்தவும் கூடாது. சிரிப்பை ஒழிக்க வந்தது புதிய சிரிப்புக்கு இடம் தரலாகாது.

ஆசிரியர் பயிற்சி நிலையங்களும் கல்லூரித் தமிழ்த் துறைகளும் இதை முதலில் கையாள வேண்டும். மாணவர்களே ஊர்ப் பெரியவர்களின் குரலைப் பதிந்து, தாங்களே பரீட்சை அமைத்து, தங்கள் காதையே ஆராயட்டும். அவர்கள் விஞ்ஞானமும் கற்பார்கள், தமிழும் கற்பார்கள்.

நாக்கைத் திருத்தப் பிரம்பெடுத்த காலம் போகட்டும். முதலில் பிள்ளையின் காதுக்கு ஐந்து நிமிஷம் கொடுப்போம்.