தலைமையாசிரியர் எனும் அமானத்

பள்ளிக்கூடத்தைவிட்டு நல்லாசிரியர் ஒருவர் விலகிச் சென்றால், சம்பளம் போதவில்லை போலும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஊதியம் இன்றியமையாததே, வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடப் பணித்த மார்க்கம் நம்முடையது. ஆயினும், ஒரே அளவு ஊதியத்தில் ஒரு பள்ளியில் ஓய்வுபெறும்வரை மனநிறைவோடு உழைப்பவர்களையும், மற்றொரு பள்ளியில் ஓராண்டுகூட நிலைக்காதவர்களையும் காண்கிறோமே, ஏன்? விடை பெரும்பாலும் தலைமையாசிரியரின் அறையில் இருக்கிறது.

அன்புச் சகோதரர்களே! ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு (கி.பி. 625) நடந்த உஹதுப் போரை நினைத்துப் பாருங்கள். மதீனாவுக்குள் இருந்தே எதிரிகளைச் சந்திக்கலாம் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கருத்து. எனினும், வெளியே சென்று போரிட விழைந்த தோழர்களின் ஆலோசனைக்கு இணங்கினார்கள். குன்றின்மீது நிறுத்தப்பட்ட 50 வில்லாளர்களில் பெரும்பாலோர் வெற்றி கிட்டிவிட்டதென எண்ணி இடம் பெயர்ந்தனர். விளைவு என்ன? ஏறத்தாழ 70 தோழர்கள் ஷஹீதானார்கள். நபிகளாரின் திருமுகமும் காயமுற்றது.

இதன்பின் இறங்கிய வசனம் (3:159), இனி எவரையும் கேளாதீர் என்று சொல்லவில்லை. கடுகடுப்பும் கல்நெஞ்சமும் இருந்திருந்தால் தோழர்கள் சிதறிப் போயிருப்பர் என்று உணர்த்தி, அவர்களின் பிழையைப் பொறுக்கவும், அவர்களோடு கலந்தாலோசிக்கவும், பின்னர் உறுதிகொண்டு இறைவனைச் சார்ந்திருக்கவுமே கட்டளையிட்டது. ஒரு தேர்வு முடிவு குறைந்ததற்காக ஆசிரியர் கூட்டத்தையே நிறுத்திவிடும் தலைவர்கள் இதைச் சிந்திக்க வேண்டாமா?

இளமையில் ஒரு மதரஸாவில் ஓதிக்கொடுத்தபோது, பாடமொன்றைப் பிழையாக விளக்கிவிட்டேன். செவியுற்ற தலைமை உஸ்தாது, மாணவர் முன்னிலையில் ஒரு சொல்லும் கூறவில்லை. அஸர் தொழுகைக்குப்பின் தனியே அழைத்து, கிதாபை விரித்து, “இந்த இடத்தை நாமிருவரும் சேர்ந்து பார்ப்போமா?” என்றார்கள். பிறகு கூடுதல் ஊதியத்தோடு வேறிடத்து அழைப்பு வந்தது. என் கால் நகரவில்லை.

மென்மை என்பது ஒழுங்கைக் கைவிடுவதன்று. தாமதமாக வருபவரைக் கண்டிக்கத்தான் வேண்டும். தனிமையில் கண்டிக்க வேண்டும். நிருவாகியின் உறவினருக்கு ஒரு நீதியும் ஏனையோருக்கு வேறு நீதியும் இருத்தலாகாது. நேரம் தவறாமையைத் தலைவர் முதலில் தம்மிடம் காட்ட வேண்டும்.

இந்திய அரசியலமைப்பின் 30-ஆவது பிரிவு, கல்வி நிலையங்களை நிறுவி நிருவகிக்கும் உரிமையைச் சிறுபான்மையினருக்கு வழங்கியுள்ளது. தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் அதனுள் அடங்கும். ஆகவே நிருவாகிகளே! பட்டத்தையும் அனுபவத்தையும் பார்க்கும் நீங்கள், தமக்குக் கீழிருப்போரை அவர் எவ்வாறு நடத்தினார் என்பதையும் விசாரியுங்கள். பெற்றோர்களே! மனம் நொந்த ஆசிரியர் நம் பிள்ளைகளுக்குப் பாடத்தை ஒப்பிக்கலாம். உள்ளத்தை ஊட்ட இயலாது.

ஒவ்வொருவரும் மேய்ப்பாளரே, தம் பொறுப்பிலுள்ளோர் பற்றி மறுமையில் வினவப்படுவர். அவ்வினாவுக்கு விடையளிக்கும் தகுதியை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக, ஆமீன்.