கம்பியும் இழையும்

மரக்காணத்தை அடுத்த பிரம்மதேசத்திலிருந்து ஓர் அன்பர் நமக்கு எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் பழைய டெலிபோன் கம்பி இருக்கிறது. அதன் வழியாகத்தான் 'டி.எஸ்.எல்.' என்னும் இணைய வசதியும் வந்துகொண்டிருக்கிறது. இப்போது அந்தக் கம்பியை எடுத்துவிட்டுக் கண்ணாடி இழை போட்டுத் தருகிறோம் என்கிறார்களாம். சம்மதிக்கலாமா, கூடாதா என்பது கேள்வி. ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இத்தனை வருஷம் நம் வீடுகளில் ஊழியம் செய்த ஒரு சாதனத்தை, அது இன்னதென்றே அறியாமல் வழியனுப்பி வைப்பது நமக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

நம் தேசத்தில் பொது ஜனங்களுக்கு இணையம் திறந்து விடப்பட்டது 1995-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி. சுதந்திர தினத்தில் கிடைத்த அந்தச் சுதந்திரம் மிகவும் மெதுவாக நடந்தது. டெலிபோனைச் சுழற்றி இணையத்தைப் பிடித்தால் வீட்டுக்கு வேறு எவரும் கூப்பிட முடியாது. பிள்ளை பரீட்சை முடிவு பார்த்துக்கொண்டிருக்கும் வரையில் தகப்பனார் பேசாமல் இருக்க வேண்டியதுதான்.

இந்தச் சங்கடத்தைத் தீர்த்தது டி.எஸ்.எல். டெலிபோனில் நாம் பேசும் பேச்சுக்கு வினாடிக்குச் சுமார் 300 முதல் 3,400 அதிர்வுகளே போதும். செம்புக் கம்பியோ பல லட்சம் அதிர்வுகளைத் தாங்கக் கூடியது. நூறு வருஷங்களுக்கு மேலாகக் கம்பியின் அடிப்படியில் மட்டும் நாம் உட்கார்ந்து பேசிவிட்டு, மேல்மாடி முழுவதையும் காலியாக விட்டிருந்தோம். அமெரிக்காவில் பெல்கோர் ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஜோசப் லெக்லைடர் முதலிய எஞ்சினீயர்கள், 1980-களின் பிற்பகுதியில், அந்த மேல்மாடியில் இணையத்தைக் குடிவைக்க வழி கண்டார்கள். பேச்சு கீழே, சுமார் 25,000 முதல் 11 லட்சம் அதிர்வுகள் வரையில் இணையம் மேலே. டெலிபோனுக்குப் பக்கத்தில் தொங்கும் சிறு பெட்டிதான் இரண்டையும் பிரித்துக் கொடுப்பது. நம் பி.எஸ்.என்.எல். இந்த வசதியை 2005 ஜனவரியில் ஆரம்பித்தது. அப்போது அரசாங்கக் கொள்கைப்படி 256 கிலோபிட் வேகம் இருந்தால் அதற்குப் 'பிராட்பேண்டு' என்று பெயர்! 2013-இல் அது 512 ஆயிற்று. 2023-இல் 2 மெகாபிட் ஆயிற்று.

ஆனால் மேல்மாடிக்காரருக்கு மூச்சு சீக்கிரம் வாங்கும். அதிர்வு கூடக் கூட, கம்பியில் அது தேய்வதும் கூடும். டெலிபோன் நிலையத்துக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டில், பிந்திய ரகச் சாதனத்தால் 20 மெகாபிட்டுக்கு மேல் கிடைக்கலாம். ஐந்து கிலோமீட்டர் போனால் ஒன்றோ இரண்டோதான். தூரம் என்பது காகம் பறக்கும் தூரமன்று. கம்பி சுற்றிப் போகும் தூரம். நம் உப்பளக் கரையில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே பாத்திகளும், பக்கிங்காம் கால்வாயும், கழுவெளியும் கிடக்கின்றன. கம்பி எதைத்தான் சுற்றாது? போதாததற்கு உப்புக் காற்று. கம்பி சேரும் இடங்களில் பச்சை பூத்துவிட்டால், பேச்சாவது கரகரவென்று வந்து சேரும். இணையம் அறுந்து அறுந்து போகும். பட்டணத்துக்காரரும் கிராமத்துக்காரரும் ஒரே சந்தாவைக் கட்டி, ஒருவர் பாலும் மற்றவர் நீர்மோரும் குடித்த கதை இதுதான்.

வீட்டுக்கும் வியாபாரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றையும் கவனிக்க வேண்டும். கம்பி வழியாக வீட்டுக்குச் சினிமா அனுப்பலாம் என்ற எண்ணத்திலேயே இந்தச் சாதனம் முதலில் வளர்க்கப்பட்டது. ஆகையால் வரும் பாதை அகலம். போகும் பாதை குறுகல். பார்ப்பவருக்கு இது குறையன்று. கணக்கும் படமும் வெளியூருக்கு அனுப்ப வேண்டிய உப்பு வியாபாரிக்கு இது பெருங்குறை. வியாபாரிகள் கம்பெனியாரிடம் 'எவ்வளவு வேகம்?' என்று மட்டும் கேட்காமல், 'அனுப்ப எவ்வளவு?' என்றும் கேட்பது உத்தமம். அளவையிலும் ஏமாறக் கூடாது. எட்டுப் படி ஒரு மரக்கால் என்பது போல, எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். விளம்பரத்தில் பேசுவது பிட் கணக்கு. நாம் இறக்கிக் கொள்ளும் படமும் பாட்டும் பைட் கணக்கு. 8 மெகாபிட் என்றால் வினாடிக்கு ஒரு மெகாபைட்தான்.

இதெல்லாம் சொகுசுக்காரர் விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1990-களின் இறுதியில், புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் கடலலையின் உயரத்தை இணையத்தில் பார்த்து, ஒலிபெருக்கியில் செம்படவர்களுக்கு அறிவித்து வந்தார்கள். நம் கடலின் அலையை அமெரிக்கக் கடற்படையின் பக்கத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது! இன்று ஹைதராபாத்தில் உள்ள நம் தேசத்து ஸ்தாபனமே அந்தத் தகவலைத் தருகிறது. தகவல் கரைக்கு வந்து சேரும் பாதையும் உறுதியாக இருக்க வேண்டாமா?

ஆகவே, அன்பர் இழைக்குச் சம்மதிக்கலாம். கண்ணாடியில் உப்புப் பூக்காது; இருபது கிலோமீட்டர் வரையில் தூரம் அதற்கு ஒரு பொருட்டன்று; இடி இடித்தால் இழை வழியாக மின்னல் வீட்டுக்குள் வராது. ஆனால் செம்புக் கம்பியிடம் ஒரு குணம் இருந்தது. டெலிபோனுக்கு வேண்டிய மின்சாரத்தை, நிலையத்திலுள்ள பாட்டரியிலிருந்து அதுவே கொண்டு வந்தது. ஊரே இருளில் மூழ்கினாலும் பேச முடிந்தது. இழை ஒளியைக் கொண்டு வருமேயன்றி மின்சாரத்தைக் கொண்டு வராது. வீட்டில் மின்சாரம் நின்றால் இழைப் பெட்டியும் நிற்கும், டெலிபோனும் ஊமையாகும். 2024 நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையேறியதைக் கண்ட ஜில்லாவுக்கு இது அற்ப விஷயமன்று. சர்க்கார் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுபோகத் திட்டமிட்டிருப்பது போற்றத் தக்கதே. ஊராட்சி மன்றத்து வாசலோடு கடமை தீர்ந்ததென்று எண்ணாமல், அங்குள்ள பெட்டிக்குப் பாட்டரியும், புயல் நாளில் அதைக் கவனிக்க ஆளும் வைக்கும்படி ஊரார் வற்புறுத்த வேண்டும்.

அன்பர் செய்ய வேண்டியவை இவ்வளவே. பழைய டெலிபோன் எண் மாறாமல் கிடைக்குமா என்று முதலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். இழைப் பெட்டியைச் சில மணி நேரமாவது ஓட்டக்கூடிய சிறு பாட்டரி ஒன்றைக் கடையில் வாங்கி வைக்கட்டும். இழையில் பேச்சும் இணையமும் ஒரு வாரம் ஒழுங்காக நடந்ததைப் பார்த்த பிறகு, கம்பியை அவிழ்க்க ஆளை வரச் சொல்லட்டும்.