மடிக்கணினி கொடுத்தால் போதுமா?



2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகள் கல்வராயன் மலை வீடுகளில் இன்றும் இருக்கின்றன. திரை தெரிகிறது, விசைகள் வேலை செய்கின்றன. சார்ஜரைக் கழற்றினால்தான் அணைந்துவிடுகின்றன. காற்று மழைக்கு மின்சாரம் போகும் மலையில் பேட்டரி செத்த கணினி பரணுக்குத்தான் போகிறது.

லித்தியம் அயான் பேட்டரிக்குச் சும்மா கிடந்தாலும் வயதாகும். சார்ஜ் முற்றிலும் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் விட்டால் மீளாமலே போகலாம். எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். மெத்தையில் வைத்து ஓட்டினால் சூடேறி ஆயுள் குறையும். புதிதில் இருந்த கொள்ளளவில் இப்போது எவ்வளவு மிச்சம் என்பதை விண்டோஸின் பேட்டரி அறிக்கையே காட்டும். கணினியின் அடிப்பகுதி உப்பினால் உடனே பயன்பாட்டை நிறுத்த வேண்டும். உப்பிய பேட்டரியைக் குத்திப் பார்த்தால் தீப்பிடிக்கலாம். இவற்றைக் கணினி கொடுக்கும் நாளிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டாமா?

2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் பேட்டரி மாற்ற மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கினால் ஒரு நாள் கூலி போகிறது. பொருத்தமான பேட்டரியும் எளிதில் கிடைப்பதில்லை. வெள்ளிமலையில் ஆண்டுக்கொரு முறை பழுதுநீக்கும் முகாம் நடத்தி, நியாய விலையில் பேட்டரி மாற்றித் தர வேண்டும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் பழையவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்களிடம் ஒப்படைத்துள்ளன. அந்தச் சேகரிப்பையும் அதே முகாமில் மாவட்ட நிர்வாகம் செய்ய வைக்கலாம்.

- ஓர் ஆசிரியை, கல்வராயன் மலை