பரண் மேல் இருக்கும் புதையல்

பழைய நாணயத்திற்கும் தபால் தலைக்கும் மதிப்பு உண்டென்று நாம் அறிவோம். இன்று பழைய வீடியோ கேம் கேசட்டுகளும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டன. அமெரிக்காவில் 2021 ஜூலையில், உறை பிரிக்காத 'சூப்பர் மாரியோ 64' ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. அதன் நிலைக்குப் பத்துக்கு 9.8 மதிப்பெண்ணாம்! இச்செய்தி கேட்டு நம் மீஞ்சூரிலும் சிலர் பரணைத் துழாவுகிறார்கள்.

பரணில் கிடைப்பது என்ன? நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் ஜப்பானில் 'ஃபேமிகாம்' என்னும் கருவியை வெளியிட்டது. அதைப் பார்த்துச் செய்த கருவிகள் தொண்ணூறுகளில் 'லிட்டில் மாஸ்டர்' போன்ற பெயர்களில் நம் நாட்டிற்கு வந்தன. கடற்கரை ரயில் நிலையத்திற்கு எதிரே உள்ள பர்மா பஜாரிலிருந்து நம் பெற்றோர் தலைமுறையினர் வாங்கி வந்த கேசட்டுகளில் பெரும்பாலானவை நகல்களே.

நகலை அறிவது எப்படி? மேலே '99,99,999 ஆட்டங்கள்' என்று அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தாலோ, சில ஆட்டங்களே பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும். திருகாணியைக் கழற்றினால், சில்லு இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் கறுப்புப் பிசின் பொட்டு ஒன்று தெரியும். அடுத்து, அடியிலுள்ள 60 இணைப்புப் பட்டைகளைப் பார்க்க வேண்டும். நம் ஊர் உப்புக் காற்றில் செம்பு பச்சை பூக்கும். வாயால் ஊதுவது தவறு. மூச்சின் ஈரம் துருவை வளர்க்கும். பஞ்சில் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பதே முறை.

எங்கள் தோழி ஒருத்தியின் அண்ணன், துறைமுக வேலையில் பெற்ற முதல் சம்பளத்தைக் கொடுத்து 'அசல்' என்று ஒரு கேசட் வாங்கினார். மேலே புத்தம் புதுத் தாள். உள்ளே அதே கறுப்புப் பொட்டு! உழைத்த காசு ஒரு நொடியில் போயிற்று. இது வியாபாரத் திறமையா? பொய்யன்றோ?

"நகல்தானே, காயலான் கடையில் எடைக்குப் போடுங்கள்" என்பாரும் உண்டு. அதையும் நாங்கள் ஏற்கமாட்டோம். நம் அண்ணன்மாரும் அக்காமாரும் தெருப் பிள்ளைகளோடு ஒரே டிவி முன் அமர்ந்து ஆடியது அந்த நகலில்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. உறை பிரிக்காத பெட்டி விளையாட உதவாது. ஏலக்காரருக்கு அது பொருளாகலாம். நமக்கோ, இன்றும் ஓடுகிற கேசட்டே மதிப்புள்ளது.

ஆகவே தோழியரே, விற்பவர் நகலை நகலென்றே சொல்லட்டும். தாள் மாற்றியிருந்தால் அதையும் சொல்லட்டும். வாங்குபவர் திறந்து பார்த்து, ஓட்டிப் பார்த்து வாங்கட்டும். வீட்டில் இருப்பதைத் துடைத்துத் தம்பி தங்கையர் கையில் கொடுப்போம். பொருளின் நிலைக்கு மதிப்பெண் இடுமுன், விற்பவரின் வாய்மைக்கு மதிப்பெண் இடுவோமாக!

– பத்தாம் வகுப்பு மாணவி