பதிவேட்டில் இல்லாதவர்கள்
பிரிட்டனில் 2020 டிசம்பரில் தொடங்கிய கொரோனா தடுப்பூசித் திட்டம் முதலில் ஊசி பெற வேண்டியவர்களை 9 முன்னுரிமைப் பிரிவுகளாகப் பிரித்தது. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, அன்றாட வாழ்வையே முடக்கும் பிற மனநோய்கள் ஆகியவை 6-ஆம் பிரிவில் இடம்பெற்றன. ஆட்டிசம் மட்டும் இருந்தால் அதில் இடமிருக்கவில்லை. கடும் பதற்றத்தாலோ மனச்சோர்வாலோ முடங்கிய ஆட்டிசம் உள்ளவர் அப்பிரிவில் வர முடிந்தது. ஆனால் அந்த முடக்கம் மருத்துவக் குறிப்பில் ஏறியிருக்க வேண்டியிருந்தது. தொலைபேசியில் பேசவே திணறுகிறவர் தம் நிலையைத் தாமே வாதாடி நிறுவ வேண்டியிருந்தது விந்தையான ஏற்பாடுதான். 2021 பிப்ரவரியில், கற்றல் குறைபாட்டுப் பதிவேட்டிலுள்ள பெரியவர்கள் அனைவரும் 6-ஆம் பிரிவில் சேர்க்கப்பட்டனர். அதுவரை கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கே அந்த இடம். கற்றல் குறைபாடு இல்லாத ஆட்டிசத்தினருக்கு இத்திருத்தம் பயன்படவில்லை. அவர்களின் மனநலச் சிக்கலை மருத்துவரே தேடிப் பதிவுசெய்யும் பொறுப்பை அரசு விதியாக்கியிருக்க வேண்டும்.