ஒரு சொல், பல பொருள்

ஆங்கிலப் பாடமென்றாலே நம்மில் பலருக்கு நடுக்கம். அதிலும் 'பிக் அப்' போன்ற கூட்டு வினைகள் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். விழுந்த பேனையை எடுப்பதும் 'பிக் அப்', பிள்ளையைப் பாடசாலையிலிருந்து கூட்டி வருவதும் 'பிக் அப்'. வியாபாரம் சூடுபிடிப்பதும், காற்று வலுப்பதும் அதுவே. 'பிக்', 'அப்' இரண்டையும் அகராதியில் தனித்தனியே தேடினால் இவற்றில் பாதி கிடைக்காது. ஆகவே பட்டியல் எழுதி மனனம் செய்கிறோம். பரீட்சை மண்டபத்தில் மறந்துவிடுகிறோம்.

நம் தமிழைச் சற்று நினைத்துப் பாருங்கள். மடுல்சீமை மலைகளில் கொழுந்து எடுக்கிறார்கள். நாம் புள்ளி எடுக்கிறோம், படம் எடுக்கிறோம், ஓய்வு எடுக்கிறோம். பசியும் எடுக்கிறது. இத்தனை 'எடு'வையும் எந்தப் பட்டியலில் கற்றோம்? உம்மா பேசக் கேட்டே கற்றோம். அப்படிக் கேட்டுக் கேட்டு ஒரு மொழியைப் பழகிக்கொள்வதற்கும் ஆங்கிலத்தில் 'பிக் அப்' என்றே பெயர்!

தோழியரே, பொருளை மட்டும் எழுதாமல் முழு வாக்கியமாக எழுதுங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பெற்றோரே, ஆங்கிலம் நம் நாட்டின் அரசியலமைப்பு கூறும் இணைப்பு மொழி. தோட்டத்தைத் தாண்டிப் படிக்கவும் தொழில் தேடவும் அது எங்களுக்கு வேண்டும். ஆனால் நம்மில் பலரின் வீடுகளில் அதைக் கேட்க வழியில்லை. நாங்கள் பிழையாகப் பேசினால் கேலி செய்யாதீர்கள். மழலையில் தமிழைப் பிழையாகப் பேசியபோது அள்ளி அணைத்தீர்களே, அந்தப் பொறுமையை இன்னொரு முறை தாருங்கள்.