திரைக்கு எத்தனை புள்ளிகள் வேண்டும்?



சென்ற மாதம் இல்லச் சந்திப்பின்போது நான் ஒரு வீட்டினுள் நுழைந்த வேளை நல்ல வேளையாக இல்லை. பத்தாம் வகுப்பில் பயிலும் மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்தான். தாயின் கண்கள் கலங்கியிருந்தன.

"நேத்து இவன் மேட்ச் பாத்தே நெட்டைத் தீத்துட்டான் சாமி. ஒன்பது மணிக்கு அவுக கூப்பிட்டாக. மொகமும் தெரியல, சத்தமும் அந்து அந்து வருது. அத்தை அழுதுக்கிட்டே படுத்துட்டாக."

'அவுக' குவைத்தில் இருக்கிறார். பணிமுறை மாறி மாறி வருவதால் வாரத்தில் ஓர் இரவுதான் அவருக்கு ஆற அமரப் பேச இயலும். அந்த ஓர் இரவும் கைநழுவிப் போயிற்று.

பையன் மேல் சினங்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவன் செய்ததெல்லாம் தாயின் கைப்பேசியிலிருந்து ஹாட்ஸ்பாட் மூலம் தொலைக்காட்சிக்கு இணைப்புக் கொடுத்து, படத் தெளிவை 1080 என்று வைத்ததுதான். மிகுதியான எண்ணே சிறந்த எண் என்று அவன் கருதினான். நம்மில் பெரும்பாலோர் அவ்வாறே கருதுகிறோம்.

480, 720, 1080 என்னும் எண்கள் திரையில் மேலிருந்து கீழாக அடுக்கப்படும் புள்ளி வரிசைகளின் எண்ணிக்கையைக் குறிப்பன. 480 வரிசைப் படத்தில் ஏறத்தாழ 4 இலட்சம் புள்ளிகள் உள்ளன. 720-இல் 9 இலட்சத்திற்குச் சற்று மேல், 1080-இல் 20 இலட்சத்திற்கு மேல், '4கே' எனப்படுவதில் 82 இலட்சத்திற்கும் மேல். எண் இருமடங்கானால் புள்ளிகள் நான்கு மடங்காகும் என்பதைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். புள்ளிகள் பெருகப் பெருக, அவற்றைச் சுமந்து வரும் டேட்டாவும் பெருகும்.

அவ்வீட்டுக் கணக்கை நாங்கள் மூவரும் அமர்ந்து போட்டுப் பார்த்தோம். 1080 படத்திற்கு வினாடிக்கு 5 மெகாபிட் அளவில் தேவைப்படும். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். இதைப் பலர் குழப்பிக் கொள்வதுண்டு. ஆகவே ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 2¼ ஜிபி. அத்தாயின் கைப்பேசிக்கு நாளொன்றுக்கு வழங்கப்படுவதோ 2 ஜிபி. ஆட்டம் இரவு 7.30-க்குத் தொடங்கிற்று, 8.25 அளவில் அனைத்தும் தீர்ந்தது. அதன்பின் வேகம் வினாடிக்கு 64 கிலோபிட்டாக இறங்கிவிடும் என்பது அத்திட்டத்தின் விதி. அதில் எழுத்துச் செய்தி செல்லும். தந்தையின் முகம் வராது.

"ஆட்டோன்னு போட்டா அதுவே பாத்துக்கும்னு சொல்றாங்களே பாதர்?" என்றான் பையன். கேட்க வேண்டிய கேள்விதான். படம் நம் வீட்டிற்கு ஒரே ஓட்டமாக வருவதில்லை. சில வினாடி நீளமுள்ள துண்டுகளாக வருகிறது. முந்தைய துண்டு எவ்வளவு விரைவாக வந்தது என்று பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தெளிவில் கேட்பது என்று அக்கருவி முடிவு செய்கிறது. ஆகவே இணைப்பின் வேகத்தை அது நன்கறியும். ஆனால் நம் பையில் மீதமிருக்கும் 2 ஜிபியைப் பற்றியோ, ஒன்பது மணிக்கு வரவேண்டிய அழைப்பைப் பற்றியோ அதற்கு ஒன்றும் தெரியாது. சிக்னல் நன்றாயிருக்கும் வீட்டில் 'ஆட்டோ' என்பது மிகுதியாகச் செலவழிக்கும் வழியாகவே முடியும். அளவில்லா இணைப்புள்ள வீட்டிற்கு அது பொருந்தும். அளந்து வாங்கும் வீட்டிற்குப் பொருந்தாது.

இதைவிட வருந்தத்தக்கது ஒன்றுண்டு. அவ்வீட்டுத் தொலைக்காட்சி 32 அங்குலப் பெட்டி. அதன் பின்புறத்தில் 1366 × 768 என்று அச்சிட்டிருந்தது. 1080 வரிசைகளை அனுப்பினாலும் அத்திரை அவற்றைச் சுருக்கி 768-இல்தான் காட்டும். மரக்கால் கொள்ளும் பாத்திரத்தில் மூட்டையைக் கொட்டினாற்போல.

நம் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. நலமான கண் ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு அளவுள்ள நுட்பத்தைத்தான் பிரித்தறியும். இதைக் கொண்டு கணக்கிட்டால், 32 அங்குலத் திரையை ஆறேகால் அடிக்கு அப்பால் அமர்ந்து பார்ப்பவருக்கு 720-க்கும் 1080-க்கும் வேறுபாடு புலப்படுவது அரிது. 55 அங்குலத் திரையிலேயே ஏழடிக்குச் சற்று அப்பால் சென்றுவிட்டால் 4கே-யின் கூடுதல் புள்ளிகள் கண்ணுக்கு எட்டா. அவ்வீட்டில் பாட்டியின் நாற்காலி எட்டடி தள்ளிக் கிடந்தது. அவருக்குக் கண் அறுவை முடிந்து ஓராண்டாகிறது.

மூத்தோர் சிலருக்கு நினைவிருக்கும். தென்கோடிக் கடலோர ஊர்களில், 1982-இல் தொடங்கிய இலங்கை ரூபவாகினியைப் பார்க்க ஆன்டெனாவைக் கடலை நோக்கித் திருப்பி வைப்போம். அன்றைய படத்தில் கண்ணுக்குத் தெரிந்த வரிகள் 576 மட்டுமே. அவற்றிலும் பாதி காற்றில் போய்விடும்! தெளிவில்லை என்று எவரும் எழுந்து போனதாக நினைவில்லை.

2020 மார்ச்சில், ஊரடங்கால் நாடே வீட்டில் அடைபட்டபோது, நம் நாட்டுப் படச் சேவை நிறுவனங்கள் கைப்பேசி இணைப்புகளில் தெளிவை 480-க்கு மேல் அனுப்புவதில்லை என்று தாமே முடிவு செய்தன. அதே மாதம் ஐரோப்பாவில் நெட்பிளிக்ஸ் தன் படங்களின் டேட்டா அளவைக் குறைத்தது. இணைப்பு எல்லோருக்கும் வேண்டும் என்பதே காரணம். மக்களுள் பலர் அந்த மாற்றத்தை உணரவே இல்லை என்பது என் எண்ணம்.

என் பிழையொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2021-இல் ஓர் அடக்கத் திருப்பலியை வெளிநாட்டிலிருந்த மகனுக்காக நேரலையில் அனுப்பினோம். படம் சிறப்பாக இருக்கட்டும் என்று 1080 வைக்கச் சொன்னவன் நானே. கோவிலின் இணைப்பு உள்வாங்கும் வேகத்தில் குறையில்லை. வெளியே அனுப்பும் வேகமோ வினாடிக்கு 2 மெகாபிட்தான். தாயின் பெட்டியை மூடும் வேளையில் அவர் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பாடற்குழுத் தம்பி ஒருவர் எவரையும் கேளாமல் 480-க்கு இறக்கினார். கல்லறை மன்றாட்டு முழுவதும் அவருக்குத் தடையின்றிக் கேட்டது. ஒலிக்கு வினாடிக்கு 128 கிலோபிட் இருந்தாலே போதும். படத்தைச் சற்றுக் குறைத்தால் குரல் பிழைக்கும் என்பதை அன்று நான் கற்றேன். ஆயினும் பெட்டி மூடிய அந்தச் சில நிமிடங்களை அவருக்கு என்னால் திருப்பித் தர முடியவில்லை.

பையனிடம் 480 என்றேன். "பந்தே தெரியாது பாதர்" என்றான். அதில் உண்மை உண்டு. செய்தி வாசிப்பவரின் முகத்திற்கும் பழைய திரைப்படத்திற்கும் 480 நிறைவாக இருக்கும்.  விரைந்தோடும் பந்துக்கும் ஓரத்தில் சிறிதாக எழுதும் ஓட்டக் கணக்கிற்கும் அது சற்றுக் குறைவுதான். 720 வைத்தாலோ மணிக்கு 1⅓ ஜிபி அளவில் ஆகி, சரியாக ஒன்பது மணிக்கே தீர்ந்துபோகும். 480-க்கு மணிக்கு அரை ஜிபிகூட ஆகாது. நெடுநேரம் வாதாடினோம். அழைப்பு வரும் நாளில் ஆட்டம் முழுவதும் 480, கடைசி இரண்டு ஓவருக்கு மட்டும் 720 என்று அவனே ஒப்பந்தம் எழுதினான். கணக்கும் சரியாகவே வந்தது.

அடுத்த வாரம் அவ்வழியே சென்றபோது பாட்டி வாசலில் நின்றார். "மெலிஞ்சு போயிருக்கான் சாமி, கன்னமெல்லாம் ஒட்டிக் கிடக்கு" என்றார். ஆட்டத்தில் யார் வென்றது என்று பையனிடம் கேட்க மறந்துவிட்டேன்.